கை தானாகப் போகுமா?

கடந்த ஆண்டு எங்கள் பள்ளியின் சிற்றுண்டிச்சாலையில், ஓய்வு நேரத்தில் நடந்த சம்பவம் இது. இரண்டாம் படிவ மாணவன் ஒருவன் மீகோரெங் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையிலிருந்து வெளியே வந்தான். அவனுடைய வகுப்பு நண்பன் சத்தமில்லாமல் பின்னால் வந்து, கையிலிருந்த ஐஸ் பொட்டலத்தை அவன் கழுத்தில் வைத்து, காதருகே அவனது பட்டப்பெயரைச் சொல்லிக் கத்தினான். தட்டு பறந்தது. அவன் கை பின்னால் வீசியது. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அடுத்து அவன் திரும்பி நண்பனின் வாயில் ஒரு குத்து விட்டான். உதடு கிழிந்து, மருந்தகத்தில் இரண்டு தையல் போட வேண்டியதாயிற்று.

அன்று கண்காணிப்புப் பொறுப்பில் இருந்தவன் நான். ஓடிப்போய் இருவரையும் பிரித்தேன். பிறகு அத்தனை பேர் முன்னிலையிலும் அடித்தவனைக் கண்டபடி திட்டினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. கை நடுங்கியது. அவன் தலையைக் குனிந்துகொண்டு ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னான்.

“சார், நான் அடிக்கணும்னு நினைக்கவே இல்ல சார். கை தானா போயிடுச்சு.”

“கை தானா போகுமா? அது என்ன உன் கை இல்லையா?” என்று நான் கேட்டேன். கேட்டது கோபத்தில். ஆனால் வீட்டுக்குப் போன பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நான் அறிவியல் ஆசிரியர். கை உண்மையில் தானாகப் போகுமா, போகாதா? இதற்கு அறிவியல் என்ன பதில் சொல்கிறது? மாணவர்களே, அந்தப் பதிலைத் தேடிப் படித்ததைத்தான் இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதல் அரை விநாடி

திடீரென்று பெரிய சத்தம் கேட்டால் நம் உடல் என்ன செய்கிறது? அமெரிக்க உளவியலாளர்கள் கார்னி லாண்டிஸ், வில்லியம் ஹண்ட் ஆகிய இருவரும் இதை அதிவேகப் படக்கருவி கொண்டு ஆராய்ந்து 1939-இல் ஒரு நூல் எழுதினார்கள். துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்கச் செய்து படம் பிடித்தார்கள். எல்லாரிடமும் கிட்டத்தட்ட ஒரே வரிசையில் ஒரே அசைவுகள் தெரிந்தன. முதலில் கண் இமைக்கிறது. தலை முன்னால் வருகிறது. தோள்கள் உயர்கின்றன. முழங்கைகள் மடங்குகின்றன. விரல்கள் மூடிக்கொள்கின்றன. வயிறு இறுகுகிறது. முழங்கால்கள் சற்றே வளைகின்றன. எல்லாம் அரை விநாடிக்குள் முடிந்துவிடுகிறது. கண் இமைப்பதற்கு ஒரு விநாடியில் 25-இல் ஒரு பங்கு நேரமே போதும். துப்பாக்கி சுட்டுப் பழகிய காவலர்களாலும் இந்தக் கண் இமைப்பை நிறுத்த முடியவில்லை.

இதற்குத் திடுக்கிடல் அனிச்சைச் செயல் என்று பெயர். சூடான சட்டியில் கை பட்டால் வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறோமே, அதைப் போன்றதுதான். இதை நடத்துவது மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் மூளைத்தண்டு. காதிலிருந்து மூளைத்தண்டு, அங்கிருந்து முதுகுத்தண்டு, அங்கிருந்து தசை. வழியில் சில நரம்பணுக்கள் மட்டுமே. யோசிக்கும் மூளைக்குச் செய்தி போய்ச் சேர்ந்து, ‘யார் கத்தினது?’ என்று அது கேட்பதற்குள் தோள் உயர்ந்துவிடும், கை மடங்கிவிடும். கழுத்தையும் வயிற்றையும் பாதுகாப்பதற்கு இயற்கை வைத்திருக்கும் ஏற்பாடு இது. காட்டில் பின்னாலிருந்து பாயும் விலங்குக்கு யோசித்துப் பதில் சொல்ல நேரம் கிடையாது.

ஆகவே தட்டு பறந்ததும் கை வீசியதும் அந்த மாணவனின் முடிவு அல்ல. அந்த அளவுக்கு அவன் சொன்னது உண்மை.

நம் நாடு மருத்துவத்துக்குத் தந்த இரண்டு சொற்கள்

திடுக்கிடலைப் பற்றிப் பேசும்போது, நம் நாட்டிலிருந்து உலக மருத்துவ நூல்களுக்குப் போன ஒரு சொல் நினைவுக்கு வருகிறது. அது ‘லாத்தா’. உங்கள் அண்டை வீட்டிலோ கம்பத்திலோ இப்படி ஒரு மக்சிக்கைப் பார்த்திருக்கலாம். திடீரென்று யாராவது தொட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிடுவார். வாயில் ஏதேதோ சொற்கள் வந்துவிடும். சிலர் எதிரே இருப்பவர் செய்வதை அப்படியே திருப்பிச் செய்வார்கள். இரண்டாவது சொல் உங்களுக்கு நன்றாகத் தெரிந்தது. ‘ஆமோக்’. கண்மூடித்தனமான வெறியோடு எதிர்ப்படுவோரைத் தாக்குவது. ஒரு சொல் அச்சத்தின் எல்லை, மற்றது சினத்தின் எல்லை.

நம் ஜொகூர் பாருவுக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் சிங்கப்பூரில், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மனநல மருத்துவமனைக் கண்காணிப்பாளராக இருந்தவர் டபிள்யூ. கில்மோர் எல்லிஸ். அவர் பிரிட்டனின் மனநல ஆய்விதழில் 1893-இல் ஆமோக் பற்றியும் 1897-இல் லாத்தா பற்றியும் கட்டுரைகள் எழுதினார். 1895-இல் பிராங்க் சுவெட்டன்ஹாம் வெளியிட்ட மலாய்ச் சித்திரங்கள் நூலிலும் இவ்விரண்டுக்கும் தனித்தனி அத்தியாயங்கள் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1994-இல் வெளியிட்ட நோயறிதல் கையேட்டின் பிற்சேர்க்கையில், குறிப்பிட்ட பண்பாடுகளோடு இணைந்த நிலைகள் என்ற பட்டியலில் இரண்டு சொற்களும் இடம்பெற்றன.

அக்காலத்து ஆங்கிலேயர்கள் பலர் செய்த தவறு ஒன்று உண்டு. இவை ஓர் இனத்தின் குணம் என்று எழுதினார்கள். அது சரியல்ல. லாத்தாவைப் போன்ற திடுக்கிடலை அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் மரம் வெட்டும் தொழிலாளர்களிடம் ஜார்ஜ் பியர்டு என்ற மருத்துவர் 1880-இல் விவரித்தார். சைபீரியாவிலும் இதேபோல் பதிவாகியிருக்கிறது. ஆமோக் போன்ற தாக்குதல்களும் உலகின் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. ஜெர்மானிய மொழியில் அப்படிப்பட்ட தாக்குதலைக் குறிக்க இன்றும் ஆமோக் என்ற நம் வட்டாரச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். 2013-இல் வந்த புதிய கையேட்டின் பட்டியலில் இரண்டு சொற்களும் இல்லை. திடுக்கிடலும் சினமும் மனித உடல் முழுவதற்கும் பொது. எந்த ஊரில் அது எந்த வடிவம் எடுக்கிறது என்பதைத்தான் பண்பாடு தீர்மானிக்கிறது.

லாத்தாவை நம் நாட்டுக்கே வந்து ஆராய்ந்தவர் ரொனால்டு சைமன்ஸ் என்ற மருத்துவர். இயல்பிலேயே எளிதில் திடுக்கிடும் ஒருவரைச் சுற்றி இருப்பவர்கள் வேடிக்கைக்காக மீண்டும் மீண்டும் திடுக்கிட வைக்கிறார்கள் என்பதை அவர் முக்கியமாகக் கவனித்தார். திடுக்கிடுவது ஒருவர் உடல். சிரிப்பது ஊர். இதைச் சற்று நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

சிலருக்கு இது பிறவியிலேயே மிகையாக இருப்பதும் உண்டு. மூளைத்தண்டிலும் முதுகுத்தண்டிலும் நரம்பணுக்களை அடக்கி வைக்கும் வேலையைக் கிளைசின் என்ற வேதிப்பொருள் செய்கிறது. அதைப் பெற்றுக்கொள்ளும் புரதத்தை உருவாக்கும் மரபணுவில் பிழை இருந்தால், சிறு சத்தத்துக்கே உடல் மரக்கட்டைபோல் விறைத்துக் கீழே விழும். அந்த மரபணுவை 1993-இல் கண்டுபிடித்தார்கள். வண்டியில் விசை சரியாக இருந்தும் பிரேக் தேய்ந்துபோன நிலை அது.

கயிறா, பாம்பா?

திடுக்கிடல் முடிந்த பிறகுதான் அச்சம் வருகிறது. இரண்டும் ஒன்றல்ல. என் பாட்டி குளுவாங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் வேலை செய்தவர். செம்பனைக் குலைகளுக்கு இடையில் கருநாகம் படுத்திருக்கும் என்பதால், காய்ந்த மட்டையைக் கண்டாலும் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் காலை வைப்பார். ‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்று எங்களைக் கேலி செய்பவரும் அவர்தான்.

அந்த ஒரு நொடியில் என்ன நடக்கிறது? நம் மூளையின் இரு பக்கங்களிலும், காதுக்கு நேராகச் சற்று உள்ளே, பாதாம்பருப்பு அளவில் அமிக்டலா என்ற பகுதி இருக்கிறது. ஆபத்தைக் கண்டுபிடிக்கும் காவலாளி அது. அமெரிக்க ஆய்வாளர் ஜோசப் லெடூ எலிகளை வைத்து ஆராய்ந்தபோது, அமிக்டலாவுக்குச் செய்தி இரண்டு வழிகளில் வருவதைக் கண்டார். ஒன்று குறுக்கு வழி. வேகமானது, ஆனால் படம் மங்கலாக இருக்கும். ‘நீளமாக, வளைவாக ஏதோ இருக்கிறது’ என்பதோடு சரி. மற்றது பெருமூளைப் புறணி வழியாகச் சுற்றி வரும் வழி. சற்றுத் தாமதம், ஆனால் தெளிவு. ‘அட, இது கயிறு’ என்று சொல்வது இரண்டாவது வழி. மனிதர்களிடம் குறுக்கு வழிக்கு எவ்வளவு பங்கு என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. ஆனால் முதலில் நின்றுவிட்டுப் பிறகு தெரிந்துகொள்கிறோம் என்பதை நாம் எல்லாரும் அனுபவித்திருக்கிறோம். கயிறைப் பாம்பென்று நினைத்தால் வெட்கம் மட்டும்தான். பாம்பைக் கயிறு என்று நினைத்தால் உயிர் போகும். அதனால்தான் இந்தக் காவலாளி தப்பாகவாவது மணி அடித்துவிடுகிறான்.

காவலாளியே இல்லாவிட்டால்? அமெரிக்காவில் ஒரு பெண்மணிக்கு அரிய நோய் ஒன்றால் இரு பக்க அமிக்டலாவும் அழிந்துவிட்டன. ஆய்வேடுகள் அவரை எஸ்.எம். என்ற எழுத்துகளால் குறிக்கின்றன. ஆய்வாளர்கள் அவரைப் பாம்புகள் இருந்த கடைக்கு அழைத்துப் போனார்கள். பேய் வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். திகில் படம் காட்டினார்கள். அவருக்குப் பயமே வரவில்லை. பாம்பைக் கையில் எடுத்து ஆர்வத்தோடு தடவினார். இந்த ஆய்வு 2011-இல் வெளியானது. கேட்பதற்கு நன்றாக இருக்கிறதல்லவா? ஆனால் ஆபத்தானவர்களிடமிருந்து விலகத் தெரியாததால் அவர் கத்தியாலும் துப்பாக்கியாலும் மிரட்டப்பட்டிருக்கிறார். அச்சம் கோழைத்தனம் அல்ல, அது ஒரு புலன்.

இந்தக் கதைக்கு ஒரு திருப்பமும் உண்டு. 2013-இல் அவரை 35 விழுக்காடு கரியமில வாயு கலந்த காற்றை ஒரு முறை சுவாசிக்கச் செய்தார்கள். மூச்சு முட்டும் உணர்வு வந்ததும் அவர் பயந்து முகமூடியைப் பிடுங்க முயன்றார். வெளியிலிருந்து வரும் ஆபத்துக்கு அமிக்டலா தேவை. உடலுக்குள்ளிருந்து வரும் ஆபத்துக்கு வேறு வழிகளும் உண்டு. ஆகவே ‘பயத்தின் இருப்பிடம் அமிக்டலா’ என்று ஒரே வரியில் எழுதிவிட முடியாது.

மெய்யில் படுவது மெய்ப்பாடு

காவலாளி மணி அடித்ததும் ஹைப்போதலாமஸ் என்ற சிறிய பகுதி உடல் முழுவதற்கும் ஆணை அனுப்புகிறது. பரிவு நரம்புகள் வழியாக ஓரிரு விநாடியில் இதயம் வேகம் எடுக்கிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. கண்மணி விரிகிறது. மூச்சுக்குழல் அகல்கிறது. கல்லீரல் சர்க்கரையை வெளியே விடுகிறது. செரிமானம் மெதுவாகிறது, வாய் உலர்கிறது. இதற்கு 1915-இல் பெயர் வைத்தவர் வால்டர் கேனன். நான்காம் படிவ உயிரியல் பாடநூலில் ‘லாவான் அத்தாவ் லாரி’ என்று படிப்பீர்களே, அதுதான். எதிர்த்து நில் அல்லது ஓடு.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. ஓடுவதற்கும் அடிப்பதற்கும் உடல் செய்யும் தயாரிப்பு ஏறக்குறைய ஒன்றுதான். அச்சமும் சினமும் ஒரே சமையலறையில் சமைக்கப்படுகின்றன. அதனால்தான் பயந்தவன் அடுத்த நொடியே அடிப்பவனாக மாற முடிகிறது.

உணர்ச்சியில் உடலுக்கு இருக்கும் பங்கை அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1884-இல் வலியுறுத்தினார். இதயம் படபடப்பதையும் உடல் நடுங்குவதையும் நாம் உணர்வதுதான் பயம் என்றார் அவர். நம் தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளைப் பற்றிய இயலுக்கு மெய்ப்பாட்டியல் என்று பெயர். மெய் என்றால் உடல். உள்ளத்தில் எழுந்தது உடலில் வெளிப்படுவதே மெய்ப்பாடு. அந்த இயல் கூறும் எட்டு மெய்ப்பாடுகளில் அச்சமும் உண்டு, வெகுளி என்ற சினமும் உண்டு. ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்றும் நான்கு நான்காகப் பிரித்திருக்கிறார்கள். தெய்வம், விலங்கு, கள்வர், தம் தலைவர் ஆகியவற்றால் அச்சம் வரும். உடல் உறுப்பை வெட்டுதல், தம் குடியினருக்குத் தீங்கு செய்தல், வைதும் அடித்தும் அலைக்கழித்தல், கொலை ஆகியவற்றால் வெகுளி வரும். அலைக்கழித்தல் அந்தப் பட்டியலில் இருப்பதைப் பாருங்கள். பகடிவதை என்று இன்று நாம் சொல்வதற்கு வெகு அருகில் இருக்கிறது அது.

சினத்தின் பொத்தான்

சினத்துக்கு மூளையில் தனி இடம் உண்டா? சுவிட்சர்லாந்தின் வால்டர் ஹெஸ் பூனைகளின் ஹைப்போதலாமஸ் பகுதியில் மெல்லிய கம்பியைச் செலுத்திச் சிறிய அளவில் மின்சாரம் பாய்ச்சினார். சாதுவாக இருந்த பூனை முதுகை வளைத்து, மயிர் சிலிர்த்து, சீறியது. மின்சாரத்தை நிறுத்தியதும் அடங்கியது. மூளையின் இப்பகுதி உள்ளுறுப்புகளை இயக்கும் விதத்தைக் கண்டறிந்ததற்காக 1949-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

2011-இல் அமெரிக்காவில் டேவிட் ஆண்டர்சனின் ஆய்வகம் இன்னும் நுட்பமான சோதனையை வெளியிட்டது. ஆண் சுண்டெலிகளின் ஹைப்போதலாமஸில் ஒரு சிறு பகுதியின் நரம்பணுக்களை ஒளியால் இயக்கும்படி மாற்றினார்கள். ஒளி பட்டதும் சுண்டெலி வழக்கமாகத் தாக்காத பெண் சுண்டெலியைத் தாக்கியது. காற்றடைத்த கையுறையைக்கூடத் தாக்கியது. ஒளியை அணைத்ததும் தாக்குதல் நின்றது.

அப்படியானால் நாமும் பொத்தானை அழுத்தினால் அடிக்கும் இயந்திரங்களா? இல்லை. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் நெற்றிமுன் புறணி என்ற பகுதி, அமிக்டலாவோடும் ஹைப்போதலாமஸோடும் இணைக்கப்பட்டிருக்கிறது. ‘பொறு, அவன் உன் நண்பன்தான்’ என்று சொல்லும் பிரேக் அது. மூளையில் கடைசியாக முதிரும் பகுதிகளில் ஒன்றும் அதுதான். அதன் வளர்ச்சி இருபது வயதைத் தாண்டி இருபதுகளின் நடுப்பகுதி வரை நீள்கிறது. 14 வயதில் விசை வலுவாக இருக்கிறது, பிரேக் இன்னும் பொருத்தப்பட்டுக்கொண்டிருக்கிறது. ‘இன்னும்’ என்பதுதான் முக்கியமான சொல். பிரேக் இல்லை என்று பொருள் அல்ல. பயன்படுத்தப் பயன்படுத்தப் பலப்படுவது அது.

மூன்று விநாடிகள்

மறுநாள் கட்டொழுங்கு ஆசிரியர் அறையில் சிற்றுண்டிச்சாலைக் கண்காணிப்புக் கேமராவின் பதிவைப் பார்த்தோம். ஓரத்தில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஐஸ் பொட்டலம் கழுத்தில் பட்டதும் கண் மூடித் திறப்பதற்குள் தட்டு பறந்து, கை வீசியது. அந்தக் கை யார் மேலும் படவில்லை. பிறகு அவன் திரும்பினான். சுற்றிலும் பார்த்தான். சிரிப்பவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகுதான் குத்தினான். தட்டு விழுந்ததற்கும் குத்துக்கும் இடையில் மூன்று விநாடி.

மூன்று விநாடி குறைவா? உங்கள் அளவுகோலைக் கொண்டே கண்டுபிடிக்கலாம். நண்பர் 30 செ.மீ. அளவுகோலைச் செங்குத்தாகப் பிடிக்கட்டும். அதன் சுழிய முனைக்கு இருபுறமும், அளவுகோலைத் தொடாமல் உங்கள் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வையுங்கள். அவர் சொல்லாமல் விட வேண்டும், நீங்கள் பிடிக்க வேண்டும். 10 செ.மீ.-இல் பிடித்தால் நீங்கள் எடுத்துக்கொண்ட நேரம் 0.14 விநாடி. 15 செ.மீ. என்றால் 0.17 விநாடி. 20 செ.மீ. என்றால் 0.20 விநாடி. 30 செ.மீ. என்றால் 0.25 விநாடி. எங்கள் வகுப்பில் பெரும்பாலோர் 15-க்கும் 25-க்கும் இடையில்தான் பிடித்தார்கள். பார்த்து, முடிவெடுத்து, கையை அசைக்க ஏறக்குறைய கால் விநாடி போதும். மூன்று விநாடியில் அதைப் போல 12 முறை செய்யலாம்.

ஆகவே என் கேள்விக்கு இரண்டு பதில்கள். முதல் முறை கை தானாகத்தான் போனது. இரண்டாம் முறை தானாகப் போகவில்லை. திடுக்கிடலுக்குக் குறிபார்க்கத் தெரியாது. வாய் எங்கே இருக்கிறது என்று பார்த்துக் குத்துவதற்குக் கண்ணும் பெருமூளையும் தசையும் ஒன்றுசேர வேண்டும். அந்தக் குத்துக்கு அவன்தான் பொறுப்பு. பதிவைப் பார்த்ததும் அதை அவனே ஒப்புக்கொண்டான்.

ஆனால் அதோடு விசாரணை முடியவில்லை.

ஆமோக் திடீரென்று வருவதில்லை

ஆமோக் பற்றிய பழைய மருத்துவக் குறிப்புகளைப் படித்தபோது ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. பார்த்தவர்களுக்கு அது திடீர்த் தாக்குதல். ஆனால் குறிப்புகள் அதற்கு முன்னால் ஒரு காலத்தையும் சொல்கின்றன. ஓர் அவமானம், ஓர் இழப்பு. பிறகு அந்த மனிதர் யாரோடும் பேசாமல் ஒதுங்கி, உள்ளுக்குள் புழுங்கும் நாள்கள். அந்த நாள்களில் ‘உனக்கு என்ன?’ என்று யாரும் கேட்காததால்தான் பின்னால் நடந்தது திடீரென்று தெரிகிறது. ஆமோக்கையும் பள்ளிச் சண்டையையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஒன்று பேரழிவு, மற்றது இரண்டு தையல். ஆனால் புழுக்கம் இரண்டுக்கும் பொது.

அடித்தவனிடம் கேட்டேன். அந்தப் பட்டப்பெயர் எத்தனை நாளாக நடக்கிறது? மூன்று வாரம் என்றான். அவன் எளிதில் திடுக்கிடுபவன் என்று வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். புத்தகத்தை மேசையில் அறைவது, கதவுக்குப் பின்னால் நிற்பது என்று தினமும் அவனைத் துள்ள வைத்துச் சிரிப்பது வழக்கமாகிவிட்டது. சைமன்ஸ் லாத்தாவில் கண்டது எங்கள் வகுப்பறையிலேயே நடந்துகொண்டிருந்தது. நான் அந்த வகுப்புக்கு வாரம் நான்கு பாடவேளை போகிறேன். ஒன்றையும் கவனிக்கவில்லை.

ஓயாமல் சீண்டப்படுபவனின் உடல் எப்போதும் அரைப் பதற்றத்தில் இருக்கிறது. பயந்த நிலையில் இருப்பவர்களுக்குத் திடுக்கிடலும் பெரிதாக வரும். அமிக்டலாவிலிருந்து மூளைத்தண்டுக்குப் போகும் நரம்புகள் அதை மிகைப்படுத்துகின்றன. இருட்டில் தனியாக நடக்கும்போது பூனை குறுக்கே ஓடினால் அதிகமாகத் துள்ளுகிறோமே, அதே கணக்கு. ‘அவன் ரொம்ப துள்றான் சார், அதான் சிரிப்பு’ என்று சீண்டியவன் சொன்னான். அவன் துள்ளலைப் பெரிதாக்கியதே இந்த மூன்று வாரம்தான் என்று நான் விளக்கினேன். அவன் பேசவில்லை. உதட்டில் தையல் இருந்ததால் மட்டும் அல்ல என்று நினைக்கிறேன்.

என்ன செய்யலாம்?

கோபத்தைத் தலையணையில் குத்தித் தீர்த்துவிடு என்று சிலர் சொல்வார்கள். அது உதவுமா என்று அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் சோதித்து 2002-இல் வெளியிட்டார். கோபப்படுத்தப்பட்ட கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினர், தங்களைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தினார்கள். வேறு சிலர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். குத்தியவர்களுக்குத்தான் கோபம் அதிகமானது. எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தவர்களிடம் தாக்கும் எண்ணம் குறைவாக இருந்தது. நெருப்பில் எண்ணெய் ஊற்றினால் நெருப்பு தீர்ந்துபோவதில்லை.

நேரம் கொடுப்பது முதல் வழி. இரத்தத்தில் கலந்த அட்ரினலின் சில நிமிடங்களில் வெகுவாகக் குறைந்துவிடும். ஆனால் பின்னால் சுரக்கும் கார்ட்டிசோல் 20, 30 நிமிடம் கழித்துத்தான் உச்சத்துக்குப் போகும். சண்டை முடிந்த உடனே நியாயம் பேசுவதில் பயனில்லை. நான் அன்று செய்த தவறு அதுதான்.

மூச்சு இரண்டாவது வழி. இதயத் துடிப்பை நேரடியாக ஆணையிட்டுக் குறைக்க நம்மால் முடியாது. மூச்சை முடியும். மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடும்போது வேகஸ் என்ற நரம்பு இதயத்தை மெதுவாக்குகிறது. மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு செய்து பாருங்கள். மூச்சை விடும்போது துடிப்பு சற்றே தளர்வது உங்கள் விரலுக்கே தெரியும்.

பெயர் சொல்வது மூன்றாவது வழி. 2007-இல் மேத்யூ லீபர்மன் குழுவினர் வெளியிட்ட மூளைப்பட ஆய்வில், கோப முகத்தையும் பய முகத்தையும் பார்த்தவர்கள் அந்த உணர்ச்சியின் பெயரைத் தேர்ந்தெடுத்தபோது அமிக்டலாவின் செயல்பாடு குறைந்தது, நெற்றிமுன் புறணியின் ஒரு பகுதி சுறுசுறுப்பானது. இதற்கு நம் மொழியில் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. எரிச்சல், கடுப்பு, ஆத்திரம், சினம், வெறி எல்லாம் ஒன்றல்ல. பொறாமையும் அவமானமும்கூட வெளியே வரும்போது கோபத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வரும். அந்த மாணவனிடம் அந்த மூன்று விநாடியில் என்ன தோன்றியது என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்தான். “கோபம் இல்ல சார். அசிங்கமா இருந்துச்சு” என்றான்.

சொல்வது நான்காவது வழி. சீண்டல் தொடர்ந்தால் வகுப்பாசிரியரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ சொல்லுங்கள். பள்ளியில் சொல்லத் தயக்கமாக இருந்தால் தாலியான் காசே 15999 என்ற எண் 24 மணி நேரமும் இருக்கிறது. சொல்வது காட்டிக்கொடுப்பது ஆகாது. புழுக்கத்துக்கு ஒரு சன்னல் திறப்பது அது.

மீதி இருந்த ஒரு வேலை

அடித்தவனுக்குப் பள்ளி விதிப்படி தண்டனை கிடைத்தது. சீண்டியவனுக்கும் கிடைத்தது. இருவரும் இப்போது மூன்றாம் படிவத்தில் ஒரே காற்பந்துக் குழுவில் இருக்கிறார்கள். உயிர் நண்பர்கள் ஆகிவிட்டார்கள் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். பந்தைத் தட்டிக் கொடுக்கிறார்கள், அது போதும்.

மீதி இருந்தது என் கணக்கு. அந்த மாணவனை நான் அத்தனை பேர் முன்னிலையில் திட்டினேன் அல்லவா? நான் சிற்றுண்டிச்சாலையின் மறுமுனையிலிருந்து நடந்து வந்தவன். எனக்கு மூன்று விநாடி அல்ல, முப்பது விநாடி இருந்தது. நெற்றிமுன் புறணி முழுதாக முதிர்ந்த வயது வேறு. ‘கை தானாகப் போயிற்று’ என்று அவனாவது முதல் வீச்சுக்குச் சொல்லலாம். ‘வாய் தானாகப் போயிற்று’ என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

ஒரு வாரம் கழித்து அதே வகுப்பில், அதே மாணவர்கள் முன்னிலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். வகுப்பு அமைதியாகிவிட்டது. அவன் எழுந்து நின்று, என்ன சொல்வது என்று தெரியாமல், “பரவால்ல சார்” என்றான். பிறகு நாங்கள் அளவுகோலை எடுத்துச் சோதனையைத் தொடங்கினோம். அவன் 14 செ.மீ.-இல் பிடித்தான். அன்று வகுப்பிலேயே வேகமான கை அவனுடையதுதான்.